கண்டி வீதியில் கைக்குழந்தையோடு



கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதி சுமார் 116 கிலோ மீட்டர். அதில் நீங்கள் எத்தனை தடவை போய் வந்திருப்பீர்கள்! யக்கலையில் அன்னாசி, பஸ்யாலையில் கஜு, வறக்காப்பொலையில் எள்ளுருண்டை, கடுகண்ணாவை ஏற்றத்தில் சுட்ட சோளம் என்று எந்த இடத்தில் எது கிடைக்கும் என்பது நமது பிள்ளைகளுக்குக் கூட மனப்பாடம். ஆனால் ஒரு கைக்குழந்தையோடு அந்த வீதியில் போகும்போது அது வேறொரு வீதியாகி விடுகிறது. முன்னர் கவனிக்காத குழிகளும் வளைவுகளும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன.

மாவனல்லையில் தாய் வீடு, கொழும்பில் கணவர் வீடு என்று வாழும் சகோதரிகள் எத்தனையோ பேர். நாற்பது கழிந்ததும் பிள்ளையின் முதலாவது தூரப் பயணம் பெரும்பாலும் இந்த வீதியில்தான். பிறகு கல்யாண வீடு, மையத்து வீடு, பெருநாள் என்று மாதத்துக்கு ஒரு பயணமாவது வந்து சேரும். இந்தப் பயணங்களிலெல்லாம் பிள்ளை எங்கே இருக்கிறது? முன்னாசனத்தில் உம்மாவின் மடியில், இல்லாவிட்டால் பின்னாசனத்தில் உம்மும்மாவின் மடியில். இதைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேசப் போகிறோம். வாருங்கள், கண்டி வீதியில் போய்க் கொண்டே பேசுவோம்.

மடி போதுமா?

களனிப் பாலத்தைத் தாண்டிக் கடவத்தை வரும் வரை வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். இந்த நெரிசலில் பிள்ளைக்குத் தனி ஆசனம் எதற்கு என்று தோன்றுவது இயல்பு. "தாயின் மடியை விடப் பத்திரமான இடம் உண்டா?" என்று மாமி கேட்பார். வீட்டுக்குள் இருக்கும் வரை அது உண்மைதான். ஓடும் வாகனத்தில் அது உண்மையல்ல. காரணம் தாயின் அன்பில் குறை இருப்பதல்ல, கணக்கு அப்படி இருப்பதுதான்.

அந்தக் கணக்கைப் பாருங்கள். ஏழு கிலோ எடையுள்ள பிள்ளையை நீங்கள் மடியில் வைத்திருக்கிறீர்கள். வாகனம் மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. முன்னால் ஏதோ ஒன்றில் மோதிப் பத்தில் ஒரு விநாடிக்குள் நின்று விடுகிறது. அந்த நொடியில் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க உங்கள் கைகளுக்குச் சுமார் நூறு கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். அதாவது இரண்டு அரிசி மூட்டை! அதுவும் நீங்களே முன்னோக்கித் தூக்கி எறியப்படும் நேரத்தில். எந்தத் தாயாலும் இது முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மீரிகமையிலிருந்து குருநாகல் வரை 2022இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையால் போகிறவர்கள் இதை இன்னும் அதிகமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

தன்னுடைய ஆசனப்பட்டிக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக் கொள்ளும் சகோதரிகளும் இருக்கிறார்கள். இது இன்னும் ஆபத்தானது. மோதும்போது தாயின் முழுப் பாரமும் பிள்ளையைப் பட்டியோடு நசுக்கி விடும்.

குழந்தைகளுக்கென்றே செய்த ஆசனத்தைச் சரியாகப் பயன்படுத்தினால், கார் விபத்தில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை இறக்கும் ஆபத்து சுமார் 71 வீதம் குறைகிறது என்பது அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கணக்கு. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது 54 வீதம். "சரியாகப் பயன்படுத்தினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆசனம் வாங்குவது பாதி வேலைதான். பிள்ளைக்கும் வாகனத்துக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பதும், அதை இறுக்கமாகக் கட்டுவதும் மற்றப் பாதி.

கடைக்குப் போகுமுன் கிளினிக் கொப்பி

கடைக்காரர் முதலில் கேட்பது "பிள்ளைக்கு எத்தனை மாதம்?" என்றுதான். வயதைச் சொல்லி ஆசனம் வாங்காதீர்கள். ஒரே ஆறு மாதத்தில் ஒரு பிள்ளை ஆறு கிலோவாகவும் இன்னொன்று ஒன்பது கிலோவாகவும் இருக்கும். உங்கள் கையில் அருமையான ஒரு சாதனம் இருக்கிறது. மிட்வைஃப் மிஸ் நிறை குறித்துத் தரும் கிளினிக் கொப்பிதான் அது. கடைசியாக எடுத்த நிறையையும் உயரத்தையும் பார்த்துக் குறித்துக் கொண்டு போங்கள்.

ஆசனத்தின் பின்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் இருந்தால், ஐரோப்பிய ஒழுங்குவிதிப்படி சோதித்த ஆசனம் என்று பொருள். 'ஆர்44' என்று போட்டிருந்தால் அது பழைய விதி. அதில் கிலோ கணக்கே முக்கியம்: பிறந்ததிலிருந்து 13 கிலோ வரை ஒரு வகை, 9 முதல் 18 கிலோ வரை இன்னொரு வகை, அதற்கு மேல் 36 கிலோ வரை வேறு வகை. 'ஆர்129' என்று போட்டிருந்தால் அது 2013இல் நடைமுறைக்கு வந்த புதிய விதி. அதில் சென்டிமீட்டர் கணக்கே முக்கியம். பக்கவாட்டில் மோதும்போது ஆசனம் தாங்குமா என்ற சோதனையும் இந்தப் புதிய விதியில் சேர்ந்திருக்கிறது.

பிள்ளையைத் தூக்கிப் போகும் அழகான கூடைகளும் அதே கடையில் தொங்கும். பார்வைக்கு அவையும் கார் ஆசனம் போலவே இருக்கும். வாகனத்தின் ஆசனப்பட்டியை எந்த வழியால் கோர்ப்பது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வழியில்லை என்றால் அது வெறும் கூடைதான். அதை வாகனத்தில் நம்பக் கூடாது.

முதுகு முன்னே, முகம் பின்னே

பஸ்யாலையை நெருங்குகிறோம். கஜு விற்கும் பெண்கள் வீதியோரம் வரிசையாக நிற்கிறார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகும் வாகனம் கஜுவைக் கண்டதும் சடுதியாக ஓரம் கட்டும். பின்னால் வருபவர் பிரேக்கை மிதிப்பார். அப்போது உங்கள் தலை முன்னால் போய்த் திரும்பி வருவதை உணர்ந்திருப்பீர்கள். உங்கள் கழுத்து அதைத் தாங்கும். பிள்ளையின் கழுத்து தாங்குமா?

பிறந்த பிள்ளையின் தலை, அதன் முழு நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. உடம்போடு பார்த்தால் தலை பெரிது, பாரம் அதிகம். அதைத் தாங்கும் கழுத்தெலும்போ இன்னும் குருத்தெலும்பு நிலையில்தான் இருக்கிறது. பிள்ளை முன்னோக்கி இருந்தால், மோதும்போது உடம்பைப் பட்டி பிடித்துக் கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனத்தின் முதுகுப் பலகை ஒரே நேரத்தில் தாங்கிக் கொள்ளும். பாரம் ஓரிடத்தில் விழாமல் முதுகு முழுவதும் பரவி விடும்.

இந்த யோசனை சுவீடனில் தோன்றியது. கோத்தன்பேர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேர்டில் ஆல்ட்மன் என்பவர், விண்வெளிக்குப் போகும் ஜெமினி வீரர்கள் மல்லாந்து படுத்த நிலையில் அமர்ந்திருப்பதைக் கவனித்தார். மேலெழும்பும் வேகத்தின் பாரம் முதுகு முழுவதும் பரவ வேண்டும் என்பதற்காகவே அவர்கள் அப்படி அமர்கிறார்கள். அதையே பிள்ளைகளுக்குச் செய்தால் என்ன என்று நினைத்து, பின்னோக்கிய ஆசனம் ஒன்றை வடிவமைத்தார். 1964இல் அது வொல்வோ காரில் வைத்துச் சோதிக்கப்பட்டது. இன்றும் சுவீடனில் பிள்ளைகள் நான்கு வயது வரை கூடப் பின்னோக்கியே பயணம் செய்கிறார்கள்.

பின்னோக்கிய ஆசனம் எப்போதும் பின்னாசனத்தில்தான் இருக்க வேண்டும். முன்னாசனத்துக்கு எதிரே எயார் பேக் இருக்குமானால், அது விரியும் வேகத்தில் ஆசனத்தின் முதுகிலேயே அடித்துப் பிள்ளையைக் கொன்று விடும். ஜப்பானிலிருந்து நமது நாட்டுக்கு வரும் சின்னக் கார்களிலும் எயார் பேக் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வறக்காப்பொலையில் ஒரு தரிப்பு

பிள்ளை அழுகிறது. பசியாக இருக்கலாம். வாகனம் ஓடிக் கொண்டிருக்கும்போதே பட்டியைக் கழற்றி மடியில் எடுத்துப் பால் கொடுப்பதுதான் நமது வழக்கம். ஆசனம் வைத்திருக்கிறவர்களும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வாகனத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வறக்காப்பொலையிலும் கேகாலையிலும் மறைவாக அமர்ந்து பால் கொடுக்க ஓர் உணவகமோ, பெண்களுக்கு இடமுள்ள பள்ளிவாசலோ, தெரிந்தவர் வீடோ கிடைக்கும். புறப்படுமுன்பே எங்கே நிறுத்துவது என்று சாரதியாக இருக்கும் வாப்பாவிடம் பேசி வைத்துக் கொண்டால் வழியில் வாக்குவாதம் இல்லை.

நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சைக் குழந்தை நீண்ட நேரம் ஆசனத்தில் மடங்கி இருக்கக் கூடாது. தலை முன்னால் சரிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் ஒடுங்கி விடும். அதனால்தான் கைக்குழந்தையின் ஆசனம் நிமிர்ந்து இராமல் சுமார் 45 பாகை சரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். முதல் மாதங்களில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து முகத்தைப் பார்த்துக் கொண்டே வருவது நல்லது. உம்மும்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான பொறுப்பு வேறில்லை. பெரிய பிள்ளையானாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து நீட்டி நிமிர விடுங்கள். எடுக்கும்போது வீதிப் பக்கக் கதவால் எடுக்காமல் இடது பக்கக் கதவால் எடுங்கள்.

பிள்ளை வளரும்போது

கேகாலை வந்து விட்டது. இங்கிருந்து பின்னவலை யானைகளைப் பார்க்கத் திரும்புபவர்கள் திரும்புவார்கள். நாம் நேரே போவோம். போகும்போது அதிகமான தாய்மார் கேட்கும் கேள்விக்கு வருவோம்: "பிள்ளையை எப்போது முன்பக்கம் திருப்பலாம்?"

ஒரு வயது முடிந்தால் திருப்பலாம் என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கி இருக்கச் சொல்கிறது. அமெரிக்கப் பிள்ளை வைத்தியர்களின் சங்கம் 2018இல் வயதுக் கணக்கையே விட்டு விட்டது. ஆசனத்துக்குச் சொல்லப்பட்ட நிறையோ உயரமோ முடியும் வரை, முடிந்தளவு காலம் பின்னோக்கியே வையுங்கள் என்பதுதான் அவர்களுடைய இன்றைய ஆலோசனை.

"கால் மடங்கிக் கிடக்கிறதே, பாவம்!" என்று வீட்டில் சொல்வார்கள். கால் மடங்குவது ஆசனம் சிறுத்து விட்டதற்கு அடையாளமல்ல. பிள்ளைகள் சம்மணம் போட்டுக் கொள்வார்கள், அது அவர்களுக்கு வலிக்காது. பார்க்க வேண்டியது தலையை. உச்சந்தலைக்கு மேல் ஆசனத்தின் ஓடு இரண்டு விரல் அகலமாவது மிஞ்சியிருக்க வேண்டும். அது மிஞ்சவில்லை என்றாலோ, நிறை எல்லையைத் தொட்டு விட்டது என்றாலோ அடுத்த அளவுக்குப் போங்கள். அடுத்த அளவு என்றால் முன்பக்கம் திருப்புவது என்று பொருளல்ல. பெரிய அளவுப் பின்னோக்கிய ஆசனங்களும் இருக்கின்றன. பின்னோக்கி வைத்துப் பிறகு முன்னோக்கித் திருப்பக் கூடிய ஆசனத்தை ஆரம்பத்திலேயே வாங்கினால் செலவு மிச்சம். ஆனால் பிறந்த பிள்ளையின் சின்ன உடம்புக்கு அதன் பட்டிகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். "வளர்ந்து நிரப்பிக் கொள்ளும்" என்று பெருநாள் சட்டை வாங்குவது போல ஆசனம் வாங்கக் கூடாது.

தோள்பட்டி வரும் துவாரத்தையும் கவனியுங்கள். பின்னோக்கி இருக்கும்போது அது பிள்ளையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். முன்னோக்கித் திருப்பிய பின் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். இந்த ஆசனமும் போதாமல் போனதும் உயர்த்தும் ஆசனம். பெரியவர்களின் ஆசனப்பட்டி கழுத்தை அறுக்காமல் தோளிலும், வயிற்றை நெரிக்காமல் இடுப்பெலும்பிலும் படிய வேண்டும். சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை பிள்ளைக்கு அது தேவைப்படும்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஆசனம்

உதுவன்கந்த மலை தெரிகிறதா? சரதியேலும் அவன் கூட்டாளி மம்மாலி மரைக்காரும் ஒளிந்திருந்த மலை. 1864இல் இருவரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மாவனல்லை வந்து விடும்.

இந்த ஊரில் கட்டாரிலோ சவூதியிலோ லண்டனிலோ ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. அங்கே பாவித்த ஆசனம் பெட்டியோடு இங்கே வரும். ராத்தாவின் பிள்ளை இருந்தது, பிறகு சாச்சியின் பிள்ளை, இப்போது உங்களுடையது. நல்ல காரியம்தான். ஆனால் வாங்குமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். இது ஒரு தடவையாவது விபத்தில் பட்டதா? பட்டிருந்தால், வெளியே கீறல் கூட இல்லாவிட்டாலும் வேண்டாம். உள்ளே வெடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. செய்த திகதி என்ன? ஓட்டின் அடியிலோ பின்னாலோ அது அச்சிடப்பட்டிருக்கும். பாவனைக் காலமும் சில ஆசனங்களில் போடப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் வெயிலில் நொய்ந்து போகும், நமது வெயில் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. பட்டியும் பூட்டும் முழுமையாக இருக்கின்றனவா? விளக்கப் புத்தகம் இருக்கிறதா? யார் பாவித்தது என்றே தெரியாத ஆசனத்தைக் கைவிட்டு விடுவதே நல்லது.

எந்த ஆசனமானாலும் உங்கள் சொந்த வாகனத்தில் வைத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். சில ஆசனங்கள் ஐஸோபிக்ஸ் கொக்கியில் மாட்டுபவை. உங்கள் காரின் பின்னாசனத்தில், முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். இரும்பு வளையம் தட்டுப்பட்டால் அந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் ஆசனப்பட்டியால் கட்டும் ஆசனம்தான் சரி. நடு இருக்கையில் இடுப்புப் பட்டி மட்டும் உள்ள வாகனமானால், தோள்பட்டியும் உள்ள பக்க இருக்கையில் வையுங்கள். பக்கம் பார்த்து அமரும் வேன் இருக்கைகளில் கட்டவே கூடாது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழாம் நாள் பிள்ளையைப் பார்க்க வருபவர்கள் ஆளுக்கொரு சட்டைப் பெட்டியோடு வருவார்கள். பாதிச் சட்டை போடுவதற்குள்ளேயே சிறுத்து விடும். மாமிமாரும் சாச்சிமாரும் சேர்ந்து காசு போட்டு ஓர் ஆசனம் வாங்கிக் கொடுத்தால் பல வருடங்களுக்கு உதவும்.

கடுகண்ணாவை வளைவுகள்

இனி ஏற்றம். 1820களில் வெட்டப்பட்ட இந்தப் பாதையின் உச்சியில், அதை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் 1832 முதல் நிற்கிறது. வளைவுக்கு வளைவு நாம் ஒரு பக்கமும் பை மறுபக்கமும் சாய்வோம். தளர்வாகக் கட்டிய ஆசனமும் சாயும்.

ஆகவே புறப்படுமுன் இரண்டு சோதனை. பட்டி போகும் இடத்தில் ஆசனத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் இறுக்கம் போதாது. ஆசனத்தை முழங்காலால் அழுத்திக் கொண்டு பட்டியை இழுங்கள், இறுகும். அடுத்து, பிள்ளையைக் கட்டிய பின் தோளருகே பட்டியை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகக் கிள்ள முடிந்தால் இன்னும் தளர்வு.

மலை ஏறினால் குளிரும். பிள்ளைக்குத் தடித்த கம்பளிச் சட்டை போட்டுக் கட்டினால், மோதும்போது சட்டை அமுங்கிப் பட்டி தளர்ந்து விடும். மெல்லிய உடுப்போடு கட்டி, பட்டிக்கு மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

வாகனம் இல்லாத சகோதரிகள் இதையெல்லாம் வாசித்து மனம் வருந்த வேண்டாம். முச்சக்கர வண்டியில் இந்த ஆசனங்களை முறையாகக் கட்ட வழியில்லை. பிள்ளையோடு தூரப் பயணத்துக்கு அதைத் தவிருங்கள். 1867 முதல் கண்டிக்கு ரயில் ஓடுகிறது. கைக்குழந்தையோடு போக அது நல்ல துணை. வாடகைக்குக் கார் பிடிக்கிறவர்கள் ஆசனத்தை இரவல் வாங்கியாவது கொண்டு போகலாம். ஐந்து நிமிடத்தில் கட்டி விடலாம்.

முதல் இரண்டு பயணத்தில் பிள்ளை அழும். "பார், பிள்ளைக்குப் பிடிக்கவில்லை" என்பார்கள். ஊசி போடும்போதும் பிள்ளை அழுகிறது, அதற்காக ஊசியை விட்டு விடுகிறோமா? வீட்டிலேயே அதில் சற்று நேரம் வைத்து விளையாட்டுக் காட்டிப் பழக்குங்கள். பயணம் என்றால் இந்த ஆசனம்தான் என்று பழகிய பிள்ளை பிறகு வேறு இடம் கேட்காது.

பேராதனையைத் தாண்டிக் கண்டி வந்து விட்டோம். பிள்ளை அயர்ந்து தூங்குகிறது. எழும்பி விடும் என்று நினைத்து வாகனத்துக்குள் விட்டு விட்டு இறங்காதீர்கள். பூட்டிய வாகனம் சில நிமிடங்களிலேயே அடுப்பாகி விடும். ஆசனத்தோடு வீட்டுக்குள் வைத்துத் தூங்க விடவும் வேண்டாம். பட்டியைக் கழற்றி வெளியே எடுங்கள். வாசலில் உம்மும்மா கையை நீட்டிக் கொண்டு நிற்பார். இனி மடி தாராளமாக இருக்கிறது.